வட்டக்களரியும் ஒருமுக மேடையும்

தொகையாற் சிறிய மக்கட் கூட்டத்தார் பெருநாட்டின் நடுவே மதிப்பெய்துதற்குக் கலை ஒரு வாயில் என்பர். அவ்வாயிலின் திறவுகோல் யார் கையில் உள்ளது என்று வினவாமல் அக்கூற்றை ஒப்புக்கொள்ளுதல் பொருந்தாது.

அமெரிக்கத் திரைப்படத் துறை இதற்குச் சான்றாகும். அடொல்ஃப் சூக்கர், லூயி மேயர், வார்ணர் உடன்பிறந்தார் முதலிய யூதக் குடும்பத்தினர் அங்குப் பெருநிறுவனங்களை அமைத்தனர். ஆயினும், அவர்தம் இனத்தார் வாழ்வு திரையில் அருகியே தோன்றியது. 1927இல் யூத இளைஞன் ஒருவனின் கதையைக் கூறிய 'த ஜாஸ் சிங்கர்' படத்திலும், நாயகன் முகத்திற் கரிபூசிக் கறுப்பினத்தவனாக வேடம் புனைந்து பாடினான். கறுப்பினத்தவரான ஹற்றி மக்டானியல் பணிப்பெண் வேடத்திற்காக 1940இல் ஒஸ்கார் விருது பெற்றார். அவ்விழாவிலே அவருக்குத் தனியிடத்திலேயே இருக்கை கிடைத்தது. ஒரு சாராரிடம் நிறுவனம் இருந்தது, முகம் மறைந்தது. மறு சாராரின் முகம் தோன்றியது, நிறுவனம் இல்லை.

இவ்வளவைகொண்டு மட்டக்களப்புக் கூத்தினை நோக்குவாம். களுதாவளை முதலிய ஊர்கள் அமைந்த எழுவான்கரை, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை ஆகிய இரு கரைகளிலும் வடமோடியும் தென்மோடியும் வழங்கி வந்தன. அண்ணாவியார் மத்தளம் முழக்க, உழவரும் மீனவரும் அரசராய் ஆடினர். ஊரார் வட்டக்களரியைச் சூழ்ந்திருந்து விடியுமளவும் கண்டனர். ஆங்கே ஆடுவோரும் காண்போரும் களரிக்கு உரியோரும் ஒரே ஊரவர்.

1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று. அதே ஆண்டில் சரத்சந்திரரின் 'மனமே' அரங்கேறிப் பெரும்புகழ் பெற்றது. அது தழுவிய 'நாடகம்' என்னும் சிங்கள மரபு தமிழ்க்கூத்தோடு நெருங்கிய உறவுடையது. தமிழ் மரபின் சாயல் நாட்டின் அரங்கிற் பாராட்டப்பெற்ற காலத்திலேயே தமிழ்மொழி ஆட்சிமன்றில் இடமிழந்தது. கலைக்குக் கிடைத்த மதிப்பு, கலைக்குரியோர்க்குத் தானே வந்தடைவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதின்று.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்', 'வாலி வதை' முதலியவற்றை மேடையேற்றினார். கற்றோர் பலர் நாட்டார் ஆட்டமென இகழ்ந்த கூத்து, ஈழத்தமிழரின் தனிக்கலையென்னும் பெருமை எய்தியது. இஃது அரிய தொண்டு என்பதில் ஐயமில்லை.

எனினும், இரவு முழுதும் ஆடிய கூத்துச் சில மணிக்குச் சுருங்கிற்று. நாற்புறமும் காணப்பட்டது ஒருபுறக் காட்சியாயிற்று. புகழ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. ஊர்க்களரி பழைய வறுமையிலேயே நின்றது. சுருக்கியிராவிடில் நகரத்தார் கண்டிரார் என்பர் சிலர். அது மெய்யே. ஆயினும், காண்போரைத் தேடிப் போன கலை, ஆடுவோரையும் உடன்கொண்டு போதல் வேண்டும்.

2000ஆம் ஆண்டிற்குப் பின்னர்ச் சி. ஜெயசங்கர் முதலியோர் சீலாமுனையில் ஊரவரோடு கூடிக் கூத்தினை மீளுருவாக்க முயன்றமை இக்குறையை உணர்ந்தமையின் விளைவே. அங்கே கூத்தின் கதையையும் பாத்திரத்தையும் ஆராய்ந்து திருத்தும் உரிமை ஆடுவோரிடமே விடப்பட்டது.

சிறுபான்மையோரின் கலைச்செல்வாக்கைக் கைதட்டலின் ஒலியால் அளத்தல் கூடாது. களரி யாருடையது, மத்தளம் யார் கையது என்பவற்றால் அளத்தலே முறையாகும்.