தாம்பாளத்தின் பின்பக்கம்

ஏலக் கம்பெனி ஒன்றின் பட்டியல் நண்பர் மூலமாகக் கைக்கு வந்தது. அதில் 18ஆம் நூற்றாண்டு லிஸ்பன் வெள்ளித் தாம்பாளம் ஒன்று. குட்டைக் கால்கள், வளைந்து நெளியும் விளிம்பு. முன்பக்கத்துக்கு ஒரு படம், பின்பக்கத்துக்கு இரண்டு. பழம்பொருள் வியாபாரத்தில் பின்பக்கம்தான் பிரதி. விஷயம் தெரிந்தவர்கள் முதலில் தட்டைத் திருப்பித்தான் பார்ப்பார்கள். நானும் திருப்பிப் பார்க்கிறேன், வேறு காரணத்துக்காக.

மகுடம் சூடிய எல் எழுத்து ஒன்று இருக்கிறது. லிஸ்பன் நகரத்துச் சோதனையாளர் மாற்றுப் பார்த்துக் குத்தியது. போர்ட்டோ நகரம் என்றால் மகுடத்தின் கீழே பி இருக்கும். பக்கத்தில் பட்டறைக்காரரின் பெயரெழுத்துகள். அப்புறம் ஒரு நெளிகோடு. அதை முத்திரை என்று சொல்ல முடியாது; சோதனைக்காக உலோகத்தைச் சுரண்டி எடுத்தபோது உளி விட்டுப்போன காயம். புரிலாடா என்பார்கள். பிற்பாடு அரசு குறிகளை மாற்றியது. 1887 முதல் 1937 வரை காட்டுப்பன்றித் தலை. 1938இல் கழுகுத் தலை வந்தது, கூடவே 833 போன்ற எண். ஆயிரத்தில் 833 பங்கு வெள்ளி. பழைய கணக்கில் 12க்கு 10 தினெய்ரோ. போர்த்துகீசியத்தில் தினெய்ரோ என்றால் பணம். சுத்தத்தை அளக்கும் அலகுக்கே பணம் என்று பேர் வைத்தவர்களுக்கு நான் என்ன விளக்கவுரை எழுதுவது?

அரசும் உடைமையாளனும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழி இது. கலப்படம் இல்லை, நம்பலாம், விற்கலாம். பெயரெழுத்து இருக்கிறதே, அது உழைத்தவனுடையதுதானே என்று கேட்கலாம். பதிவு பெற்ற எஜமானனின் அச்சு அது. சுத்தியல் பிடித்த பையனுக்கும் உலை ஊதியவனுக்கும் அச்சு கிடையாது. கடலுக்கு அப்பால், பிரேசிலில், இதை ஒளிவுமறைவில்லாமலேயே செய்தார்கள். கறுப்பரும் கலப்பினத்தவரும் பழங்குடியினரும், விடுதலை பெற்றவராக இருந்தாலும், பொற்கொல்லர் தொழில் செய்யக்கூடாது என்று 1621இல் அரச ஆணை. அவர்கள் செய்துகொண்டுதான் இருந்தார்கள், இல்லாவிட்டால் ஆணை எதற்கு? 1766இல் அங்கே அந்தத் தொழிலையே மூடச் சொன்னார்கள். பட்டறை வழியாகத் தங்கம் கணக்கில் வராமல் போகிறதாம்.

வெள்ளி எங்கிருந்து வந்தது? இன்றைய பொலிவியாவில் பொட்டோசி மலையின் வெள்ளி 1545இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1570களிலிருந்து மீத்தா என்ற கட்டாய உழைப்புமுறையில் ஆந்திய மலைமக்களை உள்ளே இறக்கினார்கள். 1595லிருந்து 1640 வரை ஸ்பானிய அமெரிக்காவுக்கு ஆப்பிரிக்க அடிமைகளை அனுப்பும் ஒப்பந்தம் போர்த்துகீசிய வியாபாரிகள் கையில் இருந்தது. அந்தப் பக்கம் உடல்கள் போயின, இந்தப் பக்கம் வெள்ளி வந்தது. இந்தத் தாம்பாளத்தில் இருப்பது அதே வெள்ளிதானா? யாராலும் சொல்ல முடியாது. நாணயம் உருகித் தாம்பாளமாகும், தாம்பாளம் உருகி மறுபடி நாணயமாகும். மாற்று எவ்வளவு என்று முத்திரை சொல்லும்; எங்கிருந்து, யாரிடமிருந்து என்று சொல்லாது. சொல்லாமலிருப்பதற்காகவே அதன்மேல் அத்தனை நம்பிக்கை.

நாகரிகம், காட்டுமிராண்டித்தனம் பற்றி வால்டர் பெஞ்சமின் சொன்னதை இங்கே ஒட்டிவிட்டு எழுந்து போய்விடலாம். நம் சிறுபத்திரிகைகளில் அதுவே ஒரு முத்திரையாகிவிட்டது. குத்திவிட்டால் கட்டுரை சுத்தம். எனக்கு அதைவிடச் சொற்கள் உதவுகின்றன, தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் வேர்ச்சொல் தேடும் கெட்ட பழக்கம் போகாது. அங்கோலாவின் லுவாண்டா துறைமுகத்தில், வரி கட்டியாச்சு என்பதற்கு அடையாளமாக அடிமைகளின் மார்பில் சூடு போட்டார்கள். அந்தச் சூட்டுக்கோலுக்குக் கரிம்பு என்று பெயர். அங்கோலாவின் கிம்புந்து மொழியிலிருந்தே எடுத்த சொல். இன்று போர்த்துகீசிய அலுவலக மேசைகளில் கிடக்கும் ரப்பர் ஸ்டாம்புக்கும் அதே பெயர்தான்.

தாம்பாளத்தின் பெயர் சல்வா. காப்பாற்றுதல் என்ற வினையிலிருந்து வந்தது. விஷம் இருக்கிறதா என்று எஜமானுக்கு முன்னால் வேறொருவன் ருசி பார்ப்பான். அந்தச் சோதனைக்கும் சல்வா என்று பெயர், பிறகு உணவை ஏந்தி வரும் தட்டுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஆக இரண்டு சோதனைகள். வெள்ளியைச் சோதித்ததற்கு நெளிகோடு மிஞ்சியிருக்கிறது. நாக்கை வைத்துச் சோதித்தவனுடையது எதுவும் தட்டில் இல்லை. பட்டியல்காரர்கள் அந்த நெளிகோட்டைத் தனியாகப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். அது இருந்தால் விலை கூடுமாம்.