ஓவனில் உப்பும் ஆப்பிள் பான்கேக்

பான்கேக் என்றால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு அடுப்படியிலேயே நிற்க வேண்டும். ஓவனில் சுட்டால் அந்தப் பாடு இல்லை. முட்டை, கோதுமை மாவு, சிட்டிகை பட்டைத்தூள், பசும்பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால். தோசை மாவைவிட நீர்க்கக் கரைக்க வேண்டும். 220 டிகிரியில் காய்ந்த இரும்புச் சட்டியில் எண்ணெய் விட்டு, மெல்லிசாக அரிந்த ஆப்பிளைப் பரப்பி, மாவை ஊற்றியதும் ‘சொய்ங்’ என்று ஒரு சத்தம் வரும். கேட்கவே பசிக்கும்.

பிறகு சட்டியை ஓவனில் வைத்து, 20 நிமிஷம் கதவைத் திறக்காமல் பொறுக்க வேண்டும். கைதேர்ந்தவர்களுக்கும் இதுதான் கஷ்டம். சோடா உப்பு கிடையாது. மாவின் ஈரம் ஆவியாகியே ஓரங்களைச் சட்டிக்கு மேலே தூக்குகிறது. ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் வழுவழுப்பு, லேசாகக் கருகிய ஆப்பிளின் தித்திப்பு, சர்க்கரை தேடாது. வெளியே எடுத்ததும் அமுங்கிவிடும் என்பதால், வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்த பிறகே கதவைத் திறங்கள்.