குரங்கரசனின் வேஷம்

சீன நாடக மேடையில் வீரர்கள், மன்னர்கள், தேவமாதர் என எத்தனையோ வேஷங்கள் இருந்தாலும், குரங்கரசன் சுன் வூகோங்கின் வேஷத்தைப் போல் நடிகனைச் சோதனைக்கு உள்ளாக்குவது வேறொன்றில்லை. குரங்கு, அரசன், தேவன் ஆகிய மூவரையும் ஒரே உடலில், ஒருவர் மற்றவரை விழுங்கிவிடாதபடி காட்ட வேண்டிய பாத்திரம் அது.

கதையின் மூலம், 1592-ல் நான்ஜிங் நகரில் அச்சேறியதும், வூ செங்-என் இயற்றியதாக வழங்குவதுமான, நூறு அத்தியாயங்கள் கொண்ட ‘மேற்கு நோக்கிய பயணம்’ என்னும் நாவல். கல்லிலிருந்து பிறந்து, 72 உருமாற்றங்களைக் கற்று, வானுலகத்தையே கலக்கிய இந்த மாயக்காரனின் சுபாவம் முழுவதையும் அதில் ஒரே சம்பவம் சொல்லிவிடுகிறது. எர்லாங் என்னும் தேவனோடு நடந்த மாயப் போரில் தப்பியோடும்போது அவன் ஒரு சிறு கோயிலாக மாறுகிறான். வாய் வாசலாகிறது, பற்கள் கதவுகளாகின்றன, நாக்கு விக்கிரகமாகிறது, கண்கள் சன்னல்களாகின்றன. வாலை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் கோயிலின் பின்புறம் கொடிமரமாக நட்டுவிடுகிறான். பின்னால் கொடிமரம் வைத்த கோயிலை எங்கே கண்டோம் என்று சிரித்துக்கொண்டே, எர்லாங் முதலில் சன்னல்களைக் குத்தி உடைக்கப் போகிறான்!

இந்த வாலை எதுவரை மறைப்பது, எவ்விடத்தில் வெளியே விடுவது என்பதில்தான் குரங்கு வேஷக் கலையின் சூட்சுமமெல்லாம் அடங்கியிருக்கிறது. தென்னாட்டு மரபில் மனிதன் குரங்கைப் பார்த்து நடிக்கிறான் என்றும், வடநாட்டு மரபில் குரங்கு மனிதனைப் பார்த்து நடிக்கிறது என்றும் அத்தொழிலில் ஊறியவர்கள் சொல்வதுண்டு. பீகிங் மேடையின் மகா நடிகர் யாங் சியாவ்லோ (1878–1938) வடநாட்டு மரபின் சிகரம். அவருடைய தந்தைக்கு ‘யாங் குரங்கு’ என்று பட்டப்பெயர். மகனை ‘சின்ன யாங் குரங்கு’ என்றார்கள். நெடிய உருவமும் கம்பீரமான குரலும் வாய்த்த அவர், அரச கம்பீரத்தையே பிரதானமாகக் காட்டி, குரங்கைக் கண்ணிலும் விரல் நுனியிலும் மட்டுமே ஒளித்துவைத்தார் என்பர். தென்னாட்டு மரபில், கிழக்கே செஜியாங்கின் ஷாவ்சிங் மேடையைச் சேர்ந்த ‘ஆறு வயதுப் பிள்ளை’ என்ற பெயருடைய நடிகரோ, வீட்டிலேயே குரங்கு வளர்த்து அதன் சேஷ்டைகளைப் பயின்றார். 1986-ல் தொலைக்காட்சித் தொடரில் அதே வேஷம் தரித்துச் சீனா முழுதும் அறிமுகமானவர் அவருடைய மகன். இருவகையும் சிறந்தவையே, எனினும் என் மனம் வடக்கின் பக்கமே சாய்கிறது.

அமிர்தப் பழத் திருட்டுக் காட்சியைக் கவனியுங்கள். அரங்கில் ஒரு மேஜை, நாற்காலி, அவ்வளவே. 3,600 மரங்கள் நிறைந்த தேவலோகத் தோட்டம் முழுவதும் நடிகனுடைய பார்வையில் தோன்றியாக வேண்டும். தலைகீழ்ப் பழம்போல் முகத்தில் சிவப்பு வர்ணம் தீட்டி, நெற்றிக்கு மேல் கைவைத்து நோக்கும் அவன், பெரிய முனிவனென்ற பட்டத்துக்கேற்ப நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு பழத்தைக் கடிக்கிறான், ருசி தலைக்கேறுகிறது, இமைகள் படபடக்கின்றன, முதுகு மெல்ல வளைகிறது, பாதி தின்றதை எறிந்துவிட்டு அடுத்ததைப் பறிக்கும் கணத்தில், அரசனைக் காணோம், குரங்கு மட்டுமே இருக்கிறது. தாளக்காரரின் சிறு பறை ஒரு தட்டு முந்தினாலும் பிந்தினாலும் அந்த மாற்றம் பாழ்.

இந்தக் குரங்கரசன் நம் அனுமனின் வழித்தோன்றலே என்று சீன அறிஞர் ஹூ ஷி கருதினார். எழுத்தாளர் லூ சுன் அதை மறுத்து, சீனத்து நீர்ப்பூதம் ஒன்றைக் காட்டினார். சுவான்சௌ துறைமுக நகரில் 1237-ல் நிறைவெய்திய கற்கோபுரத்தில் வானரமுகம் கொண்ட வீரனொருவன் செதுக்கப்பட்டிருப்பதும், அதே துறைமுகத்தில் தமிழ் வணிகர் எழுப்பிய சிவாலயத்தின் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருப்பதும் சுவையான தற்செயல். ஆயினும் அனுமனின் தாசபக்தியை இவனிடம் தேடுவது வீண்.

அந்தப் பழத் திருட்டுக் காட்சி வரும் பழைய நாடகத்தின் பெயர் ‘வானுலகை அமைதிப்படுத்திய விழா’. முடிவில் குரங்கன் பிடிபடுவான். 1950-களில் லீ ஷாவ்சுன் நடித்த புது வடிவம் ‘வானுலகில் பெருங்கலகம்’ ஆகி, அவனை வெற்றிபெறச் செய்தது. சேனாதிபதிகளோடு வரிசையாகப் பொருதும் அப்போர்க் காட்சியில் தண்டு சுழலும் வேகம் பிரமிக்க வைப்பதே. ஆனால் அங்கே எவனும் ஜெயிக்கலாம், பழத் தோட்டத்திலோ தேர்ந்த நடிகனே ஜெயிக்க முடியும் என்பதால், போர் முரசு ஒலித்ததும் எழுந்து வெளியே போகச் சொன்னாலும் எனக்குச் சம்மதமே.