ஒட்டுப்போட்ட பெட்ரோமாக்ஸ்

பழைய பெட்ரோமாக்ஸ் ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் கழற்றுவது அதன் தொப்பியை. ஆண்டுக்கணக்கில் எரிந்த விளக்கின் தொப்பி உச்சியைச் சுற்றி மஞ்சளும் நீலமுமாகச் சூட்டு நிறம் ஏறியிருக்கும். அந்தச் சூட்டின் தடம் பர்னரிலும் உள்கூட்டிலும் தொடர வேண்டும். தொப்பி வெந்து நிறம் மாறியிருக்க, பர்னரில் சூடு பட்ட அடையாளமே இல்லையென்றால், இரண்டும் வேறு வேறு விளக்கிலிருந்து வந்தவை.

அப்படி வந்திருப்பதில் வியப்பில்லை. பெர்லினின் ஏரிக் அண்ட் கிரேட்ஸ் நிறுவனம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய இந்த விளக்கைப் பல நாடுகளில் நகலெடுத்தார்கள். நகல்கள் மூலத்தின் அளவுகளையே பெரும்பாலும் பின்பற்றின. அதனால் ஜெர்மன் டேங்க்கின் மேல் சீன பர்னர் உட்காரும், அதற்கு மேல் இந்தியத் தொப்பி பொருந்தும். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் கிடைப்பவற்றில் கலப்பில்லாத விளக்கைத் தேடுவதே கடினம். டேங்க்கில் ஜெர்மன் அரசுக் காப்புரிமையைக் குறிக்கும் 'டி.ஆர்.பி.' முத்திரை இருந்தால் அது இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வடிவத்தைச் சேர்ந்தது. 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் போருக்குப் பிந்தியது. ஆனால் முத்திரை டேங்க்குக்கு மட்டுமே சாட்சி சொல்லும். மேலே உள்ளதைக் கண்தான் விசாரிக்க வேண்டும்.

விளக்கின் உயிர் நிப்பிளில் இருக்கிறது. பம்ப் அடித்ததும் மண்ணெண்ணெய் காற்றழுத்தத்தால் மேலேறி, சூடான வளைகுழாய்க்குள் ஆவியாகி, நிப்பிளின் மயிரிழைத் துளை வழியே பீறிட்டுக் கலவைக் குழாய்க்குள் பாய்கிறது. பாயும் வேகத்தில் சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொள்கிறது. 829ஆம் மாடல், 500 மெழுகுவத்தி ஒளி என்ற கணக்கெல்லாம் இந்தத் துளையின் அளவை நம்பித்தான். அடைப்பெடுக்க உள்ளேயே ஒரு பின் உண்டு. பக்கத்துச் சக்கரத்தைத் திருப்பினால் அது மேலெழுந்து துளையைச் சுத்தம் செய்யும். அந்தப் பின் ஒடிந்த பிறகு கிடைத்த கம்பியால் குத்திய விளக்குகள் ஏராளம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் கிழிந்திருக்கும். சிலர் வெளிச்சம் கூடுமென்று துளையை வேண்டுமென்றே அகட்டியிருப்பார்கள். எண்ணெய் ஆவி கூடி, காற்றின் பங்கு குறைந்து, சுடர் மஞ்சளாகி, ஒளிவிடும் வலையான மேண்டில் கறுப்பதுதான் அதில் கண்ட பலன். நல்ல விளக்கின் இரைச்சல் ஒரே சீராக இருக்கும். திணறித் திணறி எரிந்தால் நிப்பிளையும், கலவைக் குழாய்க்கும் அதற்குமுள்ள இடைவெளியையும் பார்த்துவிட்டுத்தான் வேறெதையும் குறை சொல்ல வேண்டும். நிப்பிள் மாற்றக்கூடிய உறுப்பு. இந்தக் குறைக்காக ஒரு நல்ல விளக்கைத் தள்ளக் கூடாது.

டேங்க்கின் கதை வேறு. அங்கே பற்று இருக்கிறதா என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. ஈயமும் வெள்ளீயமும் கலந்த சாதாரணப் பற்று 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். டேங்க் அந்தச் சூட்டுக்குப் போகாது; அதன் அடிப்பக்கத்தில் கைதேர்ந்தவர் வைத்த சிறிய பற்றைப் பார்த்தால் எனக்கு மரியாதை வருகிறது. விளிம்பு மெலிந்து உலோகத்தோடு இழைந்து, சுற்றிலும் கருகல் இல்லாமல் இருக்கும். அதே ஈயம் பர்னரின் கழுத்தில் இருந்தால் அந்த விளக்கை ஏற்றவே கூடாது.

பற்றைவிட ஆபத்தானது மயிரிழை வெடிப்பு. பிரிட்டிஷ் இந்தியப் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே பிளந்தன. குதிரை லாயங்களின் அம்மோனியாதான் காரணம் என்பது பின்னால் தெரிந்தது. அழுத்தி வளைத்துச் செய்த பித்தளைக்குள் இழுவிசை தங்கியிருக்கும், ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்தால் அது வெடிப்பாக வெளியே வரும். மாட்டுக்கொட்டகைப் பரணில் கிடந்த விளக்கென்றால் டேங்க்கின் தோள் வளைவை விரல் நகத்தால் தடவிப் பார்க்கிறேன். பிறகு பம்ப் அடித்துத் தண்ணீருக்குள் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பேன். தீக்குச்சி அதற்கப்புறம்தான்.

எனக்குக் கோபம் வருவது பாலிஷ் மெஷினைப் பார்த்தால். பெட்ரோமாக்ஸ் வெள்ளையாகப் பிறந்தது. பித்தளையின் மேல் நிக்கல் முலாம். அதை உரித்துத் தங்க நிறத்தில் மினுக்கி 'ஒரிஜினல் பித்தளை' என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். முத்திரை எழுத்துகளின் விளிம்பைப் பாருங்கள்: மழுங்கியிருக்கும். மூடியின் மரைக்கருகில், பாலிஷ் சக்கரம் எட்டாத மூலையில், கொஞ்சம் நிக்கல் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படித் தேய்த்த உலோகம் திரும்ப வராது. களிம்பேறிய விளக்கே எனக்கு மேல்.

கேஸுக்கு மாற்றியவற்றில் பம்ப் போய், அடியில் ரப்பர் குழாய் மாட்டும் முனை முளைத்திருக்கும். அதையாவது பொறுக்கலாம், மேண்டில் மிஞ்சியிருக்கிறது. டேங்க்கைத் துளைத்து வயர் நுழைத்து பல்பு மாட்டியதை விளக்கென்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த வெள்ளை ஒளியைத் தந்தது மேண்டிலில் இருந்த, வேதியியலாளர் ஆவர் வான் வெல்ஸ்பாக் கண்ட 99 பங்கு தோரியம் ஆக்சைடும் ஒரு பங்கு சீரியம் ஆக்சைடும். அந்தத் தோரியத்தைத் தரும் மோனசைட்டை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் கண்டுபிடித்தது நம் மணவாளக்குறிச்சி மணலில். முதல் உலகப் போருக்கு முன்பே அது ஜெர்மனிக்குக் கப்பலேறியது. இந்த ஒளியில் நம் கரைக்கும் பங்குண்டு.

கடைசியாக, பெயர் வெட்டிய விளக்குகள். வாடகைக் கடைக்காரர்களும் கோயில் நிர்வாகமும் வீட்டுப் பாத்திரத்துக்குச் செய்வதைப் போலவே டேங்க்கின் மேல் புள்ளி புள்ளியாகப் பெயரும் ஊரும் வெட்டிவைத்தார்கள். பழுதில்லாத மேற்பரப்பை மட்டுமே தேடுகிறவர் இதைச் சேதம் என்று விலையைக் குறைப்பார். என் கணக்கில் விலை ஏறுகிறது. மாப்பிள்ளை ஊர்வலத்திலும் விடிய விடிய நடந்த கூத்திலும் எந்த ஊரில் அது எரிந்தது என்பதற்கு வேறு ஆவணம் கிடையாது. பெயரைத் தேய்த்து எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால், அவர் மெஷினைப் போடுவதற்குள் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.