மௌனத்தைப் பெரிதாக்கும் பெட்டி

வீட்டில் கட்டிய கம்ப்ரஸர் பெடல் வழியாக கிடாரில் ஒரே ஒரு சுரத்தை வாசித்துவிட்டு, தந்தி தானாக அடங்கும்வரை காத்திருந்து பாருங்கள். முதலில் சுரம் மட்டும் கேட்கும். அது தேயத் தேய, அடியிலிருந்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல் மெல்ல ஏறி வரும். சுரம் அடங்கும்போது அதுதான் அறையை நிரப்பியிருக்கும். என் முதல் பெடலில் இதைக் கேட்டதும், சாலிடரில்தான் கோளாறு என்று நினைத்து எல்லா இணைப்புகளையும் மறுபடி சூடாக்கினேன். இரைச்சல் துளியும் குறையவில்லை.

குறையாததற்குக் காரணம் கம்ப்ரஸரின் வேலையிலேயே இருக்கிறது: ஓங்கிய ஒலியை அடக்கி, மெல்லிய ஒலியைத் தூக்குவது. 1970களில் அமெரிக்காவில் வந்த எம்எக்ஸ்ஆர் டைனா காம்ப், ராஸ் கம்ப்ரஸர் ஆகியவற்றின் சுற்றைத்தான் இன்றும் பலர் வீட்டில் கட்டுகிறார்கள். அதன் நெஞ்சில் இருப்பது சிஏ3080 என்ற ஐசி. அதற்குக் கொடுக்கும் கட்டுப்பாட்டு மின்னோட்டம் கூடினால் பெருக்கம் கூடும். தந்தியை ஓங்கி அடித்தால் அந்த மின்னோட்டம் குறைகிறது. ஒலி தேய்ந்தால் மீண்டும் ஏறுகிறது. ஏறும் வேகத்தைத் தீர்மானிப்பவை 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரும். இரண்டையும் பெருக்கினால் 1.5 நொடி. ஆக, யாரும் வாசிக்காத நேரத்தில்தான் இந்தப் பெட்டி முழுப் பலத்தோடு பெருக்குகிறது. வாசிப்புக்கு நீளம் தரும் அதே குணம்தான் இரைச்சலையும் தூக்கி நிறுத்துகிறது.

இதை அடக்க நாம் வழக்கமாகக் கையாளும் வழிகள் எவ்வளவு தூரம் உதவுகின்றன?

முதல் வழி, பாகங்களை மாற்றுவது. பழைய கார்பன் ரெசிஸ்டர்களை எடுத்துவிட்டு மெட்டல் ஃபிலிம் போடச் சொல்வார்கள். உள்ளீட்டுப் பக்கத்தில் இது நல்ல யோசனை. அங்கே பிறக்கும் இரைச்சல் பின்னால் வரும் மொத்தப் பெருக்கத்தையும் வாங்கிக்கொள்கிறது. ஆனால் பலகை முழுவதையும் மாற்றுவது வீண் உழைப்பு. தொடர்பில்லாத இரண்டு இரைச்சல்கள் சேரும்போது அவற்றின் வர்க்கங்கள்தான் கூடும். ஒன்று 10, மற்றது 3 என்றால் மொத்தம் 13 ஆகாது, ஏறக்குறைய 10.4. அந்த மூன்றை அடியோடு ஒழித்தாலும் குறைவது அரை டெசிபெல்கூட இல்லை. காது அதைக் கண்டுகொள்ளாது.

இரண்டாவது வழி, வெளியீட்டில் ஒரு சிறு கெப்பாசிட்டர் வைத்து உயர் அதிர்வெண்களை வெட்டுவது. மலிவான வழி, பலனும் உண்டு: 20 கிலோஹெர்ட்ஸ் வரை சமமாகப் பரவிய ‘ஸ்ஸ்ஸ்’ இரைச்சலை 5 கிலோஹெர்ட்ஸில் வெட்டினால் சுமார் 5 டெசிபெல் இறங்கும். ஆனால் கிடார் ஆம்பின் ஸ்பீக்கர் ஏற்கெனவே 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒலிப்பதில்லை. ஹெட்ஃபோனில் தெரியும் லாபம் அங்கே கரைந்துவிடும். இன்னும் கீழே வெட்டினால் தந்தியின் மினுமினுப்பும் சேர்ந்து போய்விடும்.

மூன்றாவது, ஒலி சிறிதானதும் பாதையை அடைத்துவிடும் நாய்ஸ் கேட். வாசிப்புக்கும் இரைச்சலுக்கும் உள்ள அளவு வித்தியாசத்தைப் பார்த்துத்தான் அது கதவைத் திறக்கிறது, மூடுகிறது. கம்ப்ரஸரோ அந்த வித்தியாசத்தைச் சுருக்குவதற்கென்றே பிறந்தது. அதனால் கம்ப்ரஸருக்குப் பின்னால் கேட்டை வைத்தால், தேயும் சுரத்தின் வாலையே அது கத்தரித்துவிடும். முன்னால் வைத்தால் கிடாரின் இரைச்சல் அடங்கும். பெடலின் சொந்த இரைச்சல் அப்படியே இருக்கும். கிடாரின் நேரடி ஒலியைக் கேட்டு முடிவெடுத்து, கம்ப்ரஸருக்குப் பின்னால் அடைக்கும் கேட் மட்டுமே இரண்டையும் சரியாகச் சமாளிக்கிறது.

இந்த மூன்று வழிகளும் அதிகம் கண்டுகொள்ளாத இடம் ஒன்று உண்டு. 3080க்கு உள்ளே போகும் ஒலி சில பத்து மில்லிவோல்ட்டைத் தாண்டினால் உருக்குலையும். அதனால் கிடாரின் ஒலியை முதலில் சிறிதாக்கி, பிறகு பெரிதாக்குகிறோம். சிறிதாக்கிய இடத்தில்தான் இரைச்சல் ஒலியை நெருங்கிப் பிடிக்கிறது. 3080இன் தயாரிப்பு நின்றபின் அதற்குப் பதிலாகப் பலர் எல்எம்13700ஐப் பயன்படுத்துகிறார்கள். கூடுதல் ஒலியை உருக்குலையாமல் வாங்கிக்கொள்ள அதில் தனி டையோடுகள் உண்டு. 0.5 சதவீத உருக்குலைவை அளவாக வைத்தால், அவற்றால் ஒலிக்கும் இரைச்சலுக்குமான விகிதம் 10 டெசிபெல் மேம்படும் என்கிறது அதன் டேட்டாஷீட். வீட்டில் கட்டுபவர்களில் பலர் பழைய வரைபடத்தை அப்படியே பின்பற்றி, அந்த டையோடு கால்களை எங்கும் இணைக்காமல் விட்டுவிடுகிறார்கள். பத்து ரெசிஸ்டர்களை மாற்றிக் கிடைக்காத லாபம் அந்தக் கால்களில் சும்மா கிடக்கிறது. அதைப் பெற உள்ளீட்டுப் பகுதியைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். அந்த உழைப்புக்கு அது தகுதியானது.

இதுவரை பேசியது ‘ஸ்ஸ்ஸ்’ இரைச்சல். ‘ம்ம்ம்’ என்று தாழ்ந்து ஒலிக்கும் ‘ஹம்’ வேறு வகை. அது பெரும்பாலும் வெளியிலிருந்து வருவது. அடாப்டரைக் கழற்றி 9 வோல்ட் பேட்டரியைப் போட்டதும் மறைந்தால் குற்றவாளி அடாப்டர். மின்பாதையில் 100 ஓம் ரெசிஸ்டரும் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்த்தால், நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை மாற்றும்போது எஞ்சும் 100 ஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். பேட்டரியிலும் ஹம் நீடித்தால் கிரவுண்ட் இணைப்பையும் அலுமினியப் பெட்டியையும் பாருங்கள்.

பாகங்களை மாற்றிப் பார்க்கும் பழக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. சுற்று எப்படி இயங்குகிறது என்பதை எனக்குக் கற்றுத்தந்தது அதுதான். அதன் குறை, நோய் எங்கே என்று பார்க்காமலே மருந்து கொடுப்பது. இப்போது சாலிடரிங் அயனைச் சூடாக்குமுன், ஒரு பிளக்கின் இரு முனைகளையும் ஷார்ட் செய்து பெடலின் உள்ளீட்டில் செருகுகிறேன். அப்போதும் மிஞ்சும் இரைச்சல் பெடலும் அதன் மின்வழியும் தருவது. அடங்கிப்போன பங்கு கிடாரும் கேபிளும் கொண்டுவந்தது. அதற்காகப் பலகையில் ஒரு ரெசிஸ்டரைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை.