அலையாத்தியும் ஆழிப்பேரலையும்: ஓர் ஆய்வு முடிவும் நமது பிரசங்கமும்

இயற்கை அறிவியல்களில் அடுத்தடுத்து வெளிவரும் புதிய முடிவுகளைத் திருச்சபை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பது ஆராயத்தக்கதொரு பொருள். இதில் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. நம்பிக்கைக்கு ஊறு விளைவிக்கும் என்றஞ்சி ஒரு முடிவைக் கேளாமலே தள்ளிவிடுவது ஒன்று. நம்பிக்கைக்குத் துணைநிற்பதுபோலத் தோன்றும் முடிவை விசாரணையின்றித் தழுவிக்கொள்வது மற்றொன்று. முன்னதைக் குறித்து நாம் நிறையப் பேசியும் எழுதியும் இருக்கிறோம். பின்னதைக் குறித்துப் பேசியது குறைவு. அப்பின்னதற்குக் கடலூர், சிதம்பரம் வட்டாரமே தெளிவானதோர் எடுத்துக்காட்டைத் தருகிறது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காடும் கரையும்

சிதம்பரத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட கழிமுகப் பகுதியில் பிச்சாவரம் சதுப்புநிலக் காடு அமைந்துள்ளது. சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் அங்கே உப்புநீரில் வேரூன்றி நிற்கின்றன. சிதம்பரத்தின் பழம்பெயராகிய தில்லை இக்காட்டு மரமொன்றின் பெயரே. காட்டிற்கு வடக்கே, வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்தில் பரங்கிப்பேட்டை உள்ளது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அங்கேதான் இயங்கிவருகிறது.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு மறுநாளாகிய ஞாயிறு காலையில், ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். நாகப்பட்டினம் மாவட்டத்திற்கு அடுத்தபடியாகப் பெருந்துயருற்ற மாவட்டங்களுள் கடலூரும் ஒன்று. தேவனாம்பட்டினம் முதல் கொள்ளிட முகத்துவாரம் வரை மீனவர் குடியிருப்புகள் சிதைந்தன. ஆயினும் எல்லா ஊர்களும் ஒரேவிதமாகச் சிதையவில்லை. கடலுக்கும் கழிக்கும் இடையிலான மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது. காட்டிற்குப் பின்புறமிருந்த சில ஊர்களோ பெருஞ்சேதமின்றித் தப்பின. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? இக்கேள்வியிலிருந்தே நாம் ஆராய எடுத்துக்கொண்ட ஆய்வு பிறந்தது.

முதல் முடிவு

பரங்கிப்பேட்டை மையத்தைச் சேர்ந்த பேராசிரியர் கதிரேசனும், அவரோடு இணைந்து இராஜேந்திரனும் இக்கரையின் 18 குடியிருப்புகளை ஆராய்ந்தனர். உயிரிழப்பும் பொருளிழப்பும் எவ்வளவு, ஊர் கடலிலிருந்து எவ்வளவு தொலைவு, கடல் மட்டத்திற்குமேல் எவ்வளவு உயரம், முன்னுள்ள மரச்செறிவின் பரப்பு எவ்வளவு என்பவற்றைத் தொகுத்தனர். 2005-ஆம் ஆண்டில், கழிமுகங்களையும் கரையோரக் கடலையும் குறித்த பன்னாட்டு ஆய்விதழொன்றில் முடிவை வெளியிட்டனர். மரப்பரப்பும் தொலைவும் உயரமும் மிகுந்தபோது இழப்புக் குறைந்தது என்பதே அம்முடிவு. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், மேட்டுநிலத்தில், அடர்ந்த காட்டிற்குப் பின்னால் மக்களைக் குடியமர்த்த வேண்டுமென்றும் அவர்கள் பரிந்துரைத்தனர்.

அதே ஆண்டு அக்டோபரில் 'சயன்ஸ்' இதழில் டேனியல்சன் முதலிய பன்னாட்டு அறிஞர்கள் கடலூர் மாவட்டத்தைக் குறித்தே ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். பேரலைக்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, மரங்கள் நின்ற இடங்களில் சேதம் குறைவு என்று அவர்கள் கூறினர். 100 மீட்டர் அகலமுள்ள மரவரிசையில் 100 சதுர மீட்டருக்கு 30 மரங்கள் இருப்பின், பேரலையின் அழுத்தம் 90 விழுக்காட்டிற்குமேல் குறையக்கூடும் என்ற கணிப்பையும் எடுத்துக்காட்டினர்.

இச்செய்தி உலகெங்கும் பரவியது. பரவியபோது முதல் ஆய்வு கூறிய மூன்று காரணங்களுள் இரண்டு மறைந்து, காடு மட்டுமே எஞ்சிற்று. இதற்கு ஆய்வாளர்களும் ஒருவாறு பொறுப்பாவர். கட்டுரையின் உள்ளே மூன்று காரணங்களைச் சொன்ன அவர்கள், தலைப்பில் சதுப்புநிலக் காட்டை மட்டுமே குறித்தனர். தலைப்பைப் படிப்போர் பலர். அட்டவணையைப் படிப்போர் சிலர். 'அலையாத்தி' என்ற பெயரையே அலையை ஆற்றுவது எனப் பலர் விளக்குகின்ற நம் நாட்டில், பெயர் முன்னரே தீர்ப்பெழுதிவிட்டது. சான்று பின்னர் வந்து சேர்ந்தது எனலாம்.

மறுப்பு

2006-ஆம் ஆண்டில் கெர், பெயர்ட், கேம்பெல் ஆகிய மூவர் அதே இதழில் மறுப்புரை எழுதினர். அவர்கள் புதிய தரவு எதையும் கொண்டுவரவில்லை. கதிரேசனும் இராஜேந்திரனும் வெளியிட்ட அதே 18 ஊர்களின் எண்களையே மீண்டும் கணித்தனர். கடலிலிருந்து ஒரே தொலைவிலும் ஒரே உயரத்திலும் உள்ள ஊர்களை ஒப்பிட்டால், மரப்பரப்பின் வேறுபாடு உயிரிழப்பைக் குறைத்ததாகக் காணவில்லை என்பது அவர்கள் கண்டது.

இவ்வாதத்தை எளிய உவமையால் விளக்கலாம். மழையில் ஒருவன் குடையோடு திண்ணையில் நிற்கிறான். மற்றொருவன் குடையின்றித் தெருவில் நிற்கிறான். முன்னவன் நனையவில்லை. அவனைக் காத்தது குடையா, திண்ணையா? இருவரையும் தெருவில் நிறுத்திப் பார்த்தாலன்றிக் குடையின் பயனை அறிய இயலாது. பிச்சாவரத்தின் நிலையும் இதுவே. சதுப்புநில மரங்கள் திறந்த கடலின் முகத்தில் வளர்வன அல்ல. மணல்திட்டுக்குப் பின்னே, அமைதியான கழிநீரில் வளர்வன. ஆகவே காட்டிற்குப் பின்னுள்ள ஊர் இயல்பாகவே கடலுக்குத் தொலைவிலுள்ள ஊராகவும் இருக்கிறது. காடும் தொலைவும் இணைந்தே வருவதால் ஒன்றன் பயனை மற்றொன்றின் கணக்கில் எழுதிவிடுவது எளிது.

மறுப்புக்கு முதல் ஆய்வாளர்கள் அவ்வாண்டே விடையளித்தனர். வேறு இருவர் அதே தரவுகளை வேறு முறையில் கணித்துக் காட்டிற்குச் சார்பான முடிவைக் கூறினர். ஒரே மூலத்திற்குப் பரிமேலழகரும் மணக்குடவரும் வெவ்வேறு உரை கண்டதை அறிந்த தமிழருக்கு இது வியப்பளிக்காது. பதினெட்டு ஊர்கள் என்பது சிறு தொகை. மூன்று காரணங்களைப் பிரித்தறிய அத்தொகை போதாது என்பதே இவ்விவாதத்தை நடுநின்று படிப்போர் காணும் உண்மை.

விவாதம் வளர்ந்த விதம்

அறிவியலின் சிறப்பு இதன்பின்னர் வெளிப்பட்டது. கேள்வி கூர்மையடைந்ததால் ஆய்வும் கூர்மையடைந்தது. 2009-ஆம் ஆண்டில் தாஸ், வின்சென்ட் ஆகிய இருவர் ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்தில் 1999-ஆம் ஆண்டுப் பெரும்புயலை ஆராய்ந்தனர். சதுப்புநிலக் காடு அகன்றிருந்த இடங்களில் உயிரிழப்புக் குறைந்தது எனவும், அரசின் முன்னெச்சரிக்கை அதைவிட அதிக உயிர்களைக் காத்தது எனவும் கண்டனர். 2011-ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் மேற்கு ஆச்சே பகுதியைக் குறித்து வெளியான ஆய்வு, தொலைவே முதன்மையான காரணம் என்றது. குடியிருப்புக்கு முன்னிருந்த மரங்கள் உயிரிழப்பைச் சராசரியாக 5 விழுக்காடு குறைத்தன என்றும், ஊருக்குப் பின்னிருந்த அடர்ந்த மரங்களோ இழப்பை மிகுவித்தன என்றும் அது கூறியது.

புயலும் பேரலையும் ஒன்றல்ல என்பதையும் நாம் உணர்தல் வேண்டும். காற்றால் எழும் அலைகள் சில நொடிகளுக்கு ஒருமுறை வந்து மோதுவன. அவற்றின் ஆற்றலை வேர்களும் கிளைகளும் எளிதில் உடைக்கின்றன. ஆழிப்பேரலையோ பல நிமிடங்கள் இடைவிடாமல் உள்ளேறும் நீர்ப்பெருக்கு. அதன் வேகத்தைக் காடு தணிக்கலாம். ஆனால் அதன் உயரம் ஓர் எல்லையைக் கடந்தால் மரங்களே முறிந்து, மிதந்துவந்து மனிதரைத் தாக்கும். எனவே 'காடு காக்குமா?' என்ற கேள்வி, 'எத்தகைய காடு, எத்தகைய அலையிலிருந்து, எவ்வளவு காக்கும்?' என்ற கேள்வியாக மாறிற்று. இம்மாற்றமே உண்மையான ஆராய்ச்சி முன்னேற்றம். முதல் முடிவை மட்டும் முன்னேற்றம் எனக் கொண்டாடி, அதைத் திருத்திய உழைப்பை மறப்பது முறையாகாது.

இது யாருடைய வாழ்வு?

இவ்விவாதம் அறிஞர்களின் ஏட்டுப்போர் மட்டுமன்று. 2005-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் நாளிட்ட தமிழக அரசாணை 172, அலையேற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடிழந்தோர் அப்பால் சென்றால் இலவச வீடு கிடைக்கும் என்றது. அங்கேயே தங்க விரும்புவோர் தம் செலவில் பழுதுபார்க்கலாம். அரசின் உதவி கிடையாது. மீனவன் ஆடம்பரத்திற்காகக் கரையில் குடியிருப்பதில்லை. நீரோட்டத்தையும் காற்றையும் மீன்வரத்தையும் கண்ணால் கண்டே அவன் கடலில் இறங்குகிறான். படகையும் வலையையும் காத்துக்கொள்ளக் கரையிலேயே வாழ்கிறான். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் குடியேறுக என்பது ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரி. அவனுக்கோ அது தொழிலையே மாற்றும் ஆணை.

மறுபுறம், மரமே அரண் என்ற எண்ணத்தால் கரையெங்கும் சவுக்கு நடப்பட்டது. மணற்குன்றுகளைச் சமன்செய்து மரம் நடுவது, இயற்கையாகவே உயர்ந்து நிற்கும் ஓர் அரணை அழித்து ஐயத்திற்குரிய மற்றோர் அரணை எழுப்புவதாகும் எனக் கடலோர ஆய்வாளர்கள் எச்சரித்தனர். தொலைவையும் உயரத்தையும் கணக்கிற்கொண்ட மறுப்புரையை அன்றே கவனித்துப் படித்திருந்தால் இவ்வெச்சரிக்கையின் பொருள் எளிதில் விளங்கியிருக்கும்.

நமது பிரசங்கம்

இனி நம்மை நாமே விசாரித்துக்கொள்வோம். டிசம்பர் 26-ஆம் நாள் நினைவு வழிபாடுகளில் பிச்சாவரம் காடு படைப்பாளரின் பராமரிப்பிற்குச் சான்றாக எடுத்துரைக்கப்படுவதைக் கேட்டிருக்கிறோம். 'தேவன் நட்ட அரண் காத்தது' என்னும் கூற்று செவிக்கு இனியது. ஆனால் அதே காட்டிற்கு முன்னே, மணல்திட்டில் வாழ்ந்து மாண்டவர்களுக்கு இப்பிரசங்கம் என்ன சொல்கிறது? அரணுக்குப் பின்னே ஒருவரையும் முன்னே மற்றொருவரையும் வைத்தது பராமரிப்பு என்றால், நாம் நற்செய்தியைக் கூறவில்லை. யோபுவின் நண்பர்கள் பேசியதையே வேறு சொற்களில் பேசுகிறோம். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்தவர்களைக் குறித்து லூக்கா நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கூறியது இத்தகைய கணக்கிடுதலுக்கு நேர்மாறானது. மாண்டோரின் தகுதியை அளக்க அவர் மறுத்தார். கேட்டோரைத் தங்களையே ஆராயச் சொன்னார்.

மேலும், இன்றைய ஆய்வு முடிவின்மேல் கட்டப்படும் பிரசங்கம் நாளை அம்முடிவு திருத்தப்படும்போது தானும் சரிகிறது. கேட்டவர்களின் விசுவாசத்தையும் அது தன்னோடு சாய்க்கிறது. வேதபாடங்களில் ஒரு சொல்லின் பாடபேதங்களைப் பல சுவடிகளோடு ஒப்பிட்டு நிறுக்கும் பயிற்சி பெற்றவர்கள் நாம். மத்தேயுவின் ஒரு வசனத்திற்குக் காட்டும் அந்தப் பொறுமையை, நம் கரையின் பதினெட்டு ஊர்களைக் குறித்த ஒரு கட்டுரைக்குக் காட்டாதது ஏன்? இயற்கையைக் கூர்ந்து நோக்கும் மரபும் நமக்கு அந்நியமன்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தரங்கம்பாடியில் ஊழியம் செய்த கிறிஸ்தோப் சாமுவேல் ஜான், இக்கரையின் மீன்களைத் திரட்டிப் பெர்லினிலிருந்த பிளாக் என்னும் அறிஞருக்கு அனுப்பினார். மீன் இனமொன்று அவர் பெயராலேயே ஜானியஸ் என வழங்குகிறது. கண்டதைக் கண்டவாறே கூறுவதை அவர் தம் ஊழியத்திற்குப் புறம்பாகக் கருதவில்லை.

முடிவுரை

இவையனைத்தும் காட்டிற்கு எதிரான வாதம் என எவரும் கொள்ளலாகாது. இறாலும் மீனும் குஞ்சு வளர்க்கும் இடம் அது. கரை அரிப்பைத் தடுப்பதும், கழியில் கையால் மீன்பிடித்து வாழும் இருளர் குடும்பங்களுக்குச் சோறிடுவதும் அதுவே. 2022-ஆம் ஆண்டில் பிச்சாவரம் ராம்சார் உடன்படிக்கையின்படி பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. காட்டைக் காப்பதற்கு மெய்யான காரணங்கள் பல இருக்க, ஐயத்திற்குரிய ஒன்றை முன்னிறுத்துவது காட்டிற்கே தீங்காக முடியும். அடுத்த பேரலையில் காடு காக்காவிடில், அதை வெட்ட நினைப்போருக்கு அதுவே சாட்சியாகிவிடும். பேரலையிலிருந்து உயிரைக் காப்பது முதலாவது எச்சரிக்கையும், ஓடி ஏற மேட்டுநிலமும், அங்குச் செல்லும் வழியுமே. 2007-ஆம் ஆண்டு முதல் ஐதராபாத்தில் முன்னெச்சரிக்கை மையம் செயல்படுகிறது. அதன் குரல் நள்ளிரவில் கடைசிக் குடிசைவரை எட்டுகிறதா, ஊர் மக்கள் ஏறும் மாடி எது, முதியோரைத் தூக்குவோர் யார் என்று கேட்பது கரையோரச் சபைகளின் கடமையாகும்.

கதிரேசனும் இராஜேந்திரனும் பிணங்கள் அடக்கம்பண்ணப்பட்ட சுவடு மறையுமுன் ஊர் ஊராகச் சென்று அளந்து எழுதினர். அவ்வெண்கள் இன்றேல் மறுப்பும் பிறந்திராது. மறுத்தவர்களும் அவ்வெண்களுக்கு மதிப்பளித்தே மறுத்தனர். இரு திறத்தாருக்கும் திருச்சபை கடன்பட்டுள்ளது. அக்கடனைத் தீர்க்கும் வழி, நம் பிரசங்கத்திற்கு ஏற்ற முடிவைத் தேடுவதை விடுத்து, முடிவிற்கேற்ப நம் பிரசங்கத்தைத் திருத்திக்கொள்வதேயாம்.