இரண்டு மாவட்டங்கள், ஒரே ஆய்வாளர்

கருப்பைவாயில் அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று நர்ஸ் வெறுங்கண்ணால் பார்ப்பார். ஆய்வகமும் வேண்டாம், நுண்ணோக்கியும் வேண்டாம். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு இந்தச் சோதனையை ஒரே ஒரு முறை செய்துவிட்டுச் சில ஆண்டுகள் கவனித்து வந்தார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் நேரும் சாவு 35 விழுக்காடும் குறைந்தன. 2007இல் லான்செட் இதழில் வந்த அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ஆர். சங்கரநாராயணன். திருவனந்தபுரத்தில் பணியாற்றி, பிறகு பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனவர்.

இப்படிப்பட்ட ஆய்வாளரை எடைபோட இன்று பலரும் கையிலெடுப்பது எச்-இண்டெக்ஸ். 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு அது: 50 மேற்கோளுக்குக் குறையாத கட்டுரைகள் 50 இருந்தால் உங்கள் எண் 50. அதை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஒற்றைக் கட்டுரையை வைத்தே வாழ்நாளை ஓட்டுபவரையும், யாரும் படிக்காத கட்டுரைகளை அடுக்கிக்கொண்டே போகிறவரையும் அது சலித்து எடுத்துவிடும். அந்த வகையில் சிபாரிசுக் கடிதத்தைவிட நாணயமானது. சங்கரநாராயணனும் அதில் நன்றாகவே தேறுவார்.

ஆனால் எதற்காக மேற்கோள் காட்டினார்கள் என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. 2009இல் அவரே முதல் ஆசிரியராக நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் இன்னொரு ஆய்வை வெளியிட்டார். களம் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டம், 1,31,746 பெண்கள், நான்கு பிரிவுகள். இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி வைரஸ் இருக்கிறதா என்று சோதித்த பிரிவில் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. திண்டுக்கல்லில் உயிர் காத்த அதே அமிலச் சோதனை இங்கே குறிப்பிடும்படியாக எதையும் குறைக்கவில்லை. அந்தச் சோதனை, பார்ப்பவரின் கண்ணையும் பயிற்சியையும் நம்பி நிற்பது. நல்ல பயிற்சியும் விடாத தரக் கண்காணிப்பும் இருந்தால்தான் பலன் என்று 2007 கட்டுரையே சொல்லியிருந்தது. தன் முடிவோடு முரண்படும் முடிவைத் தானே வெளியிட்ட அந்த நேர்மைதான் இவருடைய பட்டியலில் எனக்கு உயர்வாகப் படுகிறது. எண்ணில் அதற்குத் தனி மதிப்பெண் இல்லை. இரண்டும் இரண்டு கட்டுரைகள், அவ்வளவுதான்.

மேற்கோள் பெருகியதால் சோதனையும் பெருகிவிடவில்லை. தமிழ்நாடு அரசு தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோடித் திட்டம் தொடங்கிப் பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோனது. அப்படியிருந்தும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இங்கே 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்த நோய்க்காக ஒருமுறையாவது சோதித்துக்கொண்டவர்கள் 10 விழுக்காட்டைத் தொடவில்லை. நாடு முழுவதற்கும் பார்த்தால் 2 விழுக்காடுகூட இல்லை.

இனி, உறுத்தும் பக்கம். திண்டுக்கல் ஆய்வில் 114 தொகுதிகள். 57இல் சோதனை, மற்ற 57இல் வழக்கமான கவனிப்பு மட்டும், அதாவது நடைமுறையில் சோதனையே இல்லை. அந்தப் பிரிவில் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்தவர்கள் 92 பேர். கருப்பைவாய்ச் செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் பேப் சோதனை பயன் தரும் என்று வெகு காலம் முன்பே தெரிந்திருந்தும் ஒப்பீட்டுக்காகப் பெண்களைச் சோதிக்காமல் விடலாமா என்று அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா 2014இல் இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் எத்திக்ஸ் இதழில் இத்தகைய இந்திய ஆய்வுகளைச் சாடினார். நாட்டில் அன்று பரிசோதனைத் திட்டமே இல்லை, பேப் சோதனையைக் கிராமந்தோறும் நடத்த வசதியும் இல்லை என்பது மறுதரப்பின் பதில். அமிலச் சோதனையின் பலன் தெரியாத நிலையில் திண்டுக்கல்லுக்கு அந்தப் பதில் ஓரளவு பொருந்தும். பேப் சோதனையையே ஒரு பிரிவாக நடத்திக் காட்டிய உஸ்மானாபாத்தில் ‘வசதி இல்லை’ என்ற வாதம் தளர்ந்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், சாடுகிறவரும் மேற்கோள் காட்டித்தானே சாட வேண்டும்? கணக்கில் அதுவும் வரவுதான்.

2009இல் சங்கரநாராயணன் தொடங்கிய எச்பிவி தடுப்பூசி ஆய்வின் கதை வேறு. இளம்பெண்களுக்கு இரண்டு டோஸ் போதுமா, மூன்று வேண்டுமா என்பது கேள்வி. வேறொரு தடுப்பூசித் திட்டத்தில் சில சிறுமியர் இறந்ததை ஒட்டி எழுந்த சர்ச்சையில், 2010 ஏப்ரலில் அரசு எல்லா ஆய்வுகளிலும் ஊசி போடுவதை நிறுத்தச் சொன்னது. அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமில்லை என்று பின்னால் தெரிந்தது. அதற்குள் ஏறக்குறைய 5,000 பெண்கள் ஒரே டோஸுடன் நின்றுபோயிருந்தார்கள். ஆய்வு பாழ் என்று மூட்டை கட்டாமல் அவர்களையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். 16, 18 வகை வைரஸ்களின் நீடித்த தொற்றிலிருந்து ஒரு டோஸ் தந்த பாதுகாப்பு 95.4 விழுக்காடு, மூன்று டோஸ் தந்தது 93.3. இந்த முடிவு 2021இல் லான்செட் ஆன்காலஜியில் வெளியானது. அடுத்த ஆண்டு, இதையும் வேறு சில ஆய்வுகளையும் வைத்து உலக சுகாதார நிறுவனம் ஒரு டோஸையும் ஏற்றுக்கொண்டது. நினைத்தபடி நடந்து முடிந்திருந்தால் அந்த ஆய்வில் ஒரு டோஸ் பிரிவே இருந்திருக்காது.